தங்கச்சிய மட்டும் கொசு ஏன் இப்படி கடிக்குது?

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல குடும்பமா பார்பிக்யூ போட்டா சாயங்காலம் ஆறரைக்கு மேல என்ன நடக்கும்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நான் அடுப்பு பக்கத்துல நின்னு கோழிய திருப்பிப் போட்டுக்கிட்டு இருப்பேன், அம்மா பாய்ல உக்காந்து பேரப்புள்ளைங்களுக்கு ஊட்டிக்கிட்டு இருப்பாங்க, அதே பாய்ல ஒரு முழம் தள்ளி உக்காந்திருக்கிற தங்கச்சி மட்டும் கால தேய்ச்சு, கைய தட்டி, கழுத்த சொறிஞ்சு, கடைசியில முடியாம எந்திரிச்சுப் போய் கார்ல கதவ சாத்திக்கிட்டு உக்காந்துடுவா. அடுத்த நாள் போட்டோ அனுப்புவா. முழங்காலுக்கு கீழ இருபது இருபத்தஞ்சு தடிப்பு, ஒண்ணொண்ணும் பத்து காசு அளவுக்கு. எனக்கு ஒண்ணு இல்லன்னா ரெண்டு. அம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல.

இதுக்கு எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு காரணம் வச்சிருந்தாங்க. அம்மா, "அவளுக்கு பொறந்ததுலேருந்தே இனிப்பு ரத்தம்டா"ன்னு சொல்வாங்க. மாமா, "ஓ குரூப், அதான்"னு முடிச்சிடுவாரு. மச்சான் கொஞ்சம் கடுமையா, "இங்க கொசுவே இல்ல, நீ நெனச்சு நெனச்சு சொறியிற"ன்னு சொல்லிட்டாரு ஒரு தடவ, அதுக்கு அவ ரொம்ப வருத்தப்பட்டா. நான் இதப்பத்தி தேடித்தேடி படிக்க ஆரம்பிச்சது அந்த ஒரு வார்த்தையாலதான். படிக்கப்படிக்க தெரிஞ்சது என்னன்னா, அவ சொன்னது நிஜம், ஆனா நாங்க யாருமே, அவளயும் சேர்த்துதான், இதுல முக்கியமான ஒரு விஷயத்த தப்பா புரிஞ்சிக்கிட்டு இருந்தோம். அந்த தப்பு எங்களுக்கு அம்மா விஷயத்துல பெரிய பயத்தக் காட்டிருச்சு, அத பின்னாடி சொல்றேன்.

மொதல்ல கொசு ஒரு ஆள எப்படி கண்டுபிடிக்குதுன்னு பாத்துடலாம், அது தெரிஞ்சாதான் மத்ததெல்லாம் வெளங்கும். கடிக்கிறது பொண்ணு கொசு மட்டும்தான், ஏன்னா முட்டை போட அதுக்கு ரத்தத்துல இருக்கிற புரதம் வேணும், ஆண் கொசு பூவோட தேன குடிச்சிட்டு போயிடும். பொண்ணு கொசுவுக்கு மொதல்ல எட்டுறது நாம விடுற மூச்சு. மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்ஸைடு காத்துல கயிறு மாதிரி நீண்டு போகும், பத்து மீட்டருக்கும் அதிகமான தூரத்துலயே அதோட வாய் பக்கத்துல இருக்கிற ரெண்டு சின்ன உறுப்பு அத புடிச்சிடும். அந்த வாசம் பட்டவொடனே அதோட கண்ணும் வேற மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்குது, அதுவரைக்கும் கண்டுக்காத கருப்பா அடர்த்தியா இருக்கிற பொருள்கிட்டலாம் போய் பாக்க ஆரம்பிக்கும். கலிஃபோர்னியாவுல 2015ல ஒரு காற்றுச் சுரங்கத்துல வச்சு இத அழகா காட்டினாங்க, வாசம் இல்லாதப்போ தரையில இருந்த கருப்பு புள்ளிய சட்டையே பண்ணாத கொசு, கார்பன் டை ஆக்ஸைடு விட்டவொடனே அந்த புள்ளிய சுத்திச்சுத்தி வந்துச்சு. இன்னும் நெருங்கி ஒரு மீட்டருக்குள்ள வந்தா உடம்பு சூடு தெரியும். உடம்புலேருந்து வர்ற அகச்சிவப்பு கதிரையும் 70 சென்டிமீட்டர் தூரம் வரைக்கும் டெங்கி பரப்புற ஏடிஸ் கொசுவால உணர முடியும்னு 2024ல கண்டுபிடிச்சாங்க.

ஆனா இங்கதான் ஒண்ண கவனிக்கணும். மூச்சு எல்லாரும்தான் விடுறோம், சூடு எல்லாருக்கும்தான் இருக்கு. அதனால மூச்சு, சூடு, நிழல் இதெல்லாம் கொசுவ நம்ம பாய் வரைக்கும் கொண்டு வந்து விடும். பாய்ல உக்காந்திருக்கிற அஞ்சு பேர்ல யாருன்னு அது தேர்வு பண்றது பெரும்பாலும் தோல்லேருந்து வர்ற வாசத்த வச்சு. நம்ம மூக்குக்கு அந்த வாசம் தெரியாது, குளிச்சிட்டு வந்தாலும் இருக்கும், அசிங்கமா இருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. தங்கச்சி ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, சில நாள் மூணு தடவ குளிக்கிறவ, "நல்லா குளி, கொசு வராது"ன்னு யாராவது சொன்னா அவளுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த தோல் வாசத்தப்பத்தி நடந்ததுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி நியூயார்க்ல ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துல லெஸ்லி வோஸ்ஹால் குழு பண்ணினது, 2022ல வெளிவந்துச்சு. ஆளுங்கள நைலான் ஸ்டாக்கிங்ஸ் துணிய முழங்கைக்கு கீழ ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் மாட்டிக்க சொன்னாங்க, பல நாள் இப்படி. அந்த துணியில அவங்க தோலோட வாசம் ஏறிடும். அப்புறம் அத துண்டு துண்டா வெட்டி, ரெண்டு பேரோட துணிய ரெண்டு குழாய் முனையில வச்சு, நடுவுல ஏடிஸ் எஜிப்தி கொசுங்கள விட்டு எந்தப் பக்கம் போகுதுன்னு எண்ணினாங்க. எட்டு பேர்ல ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரையும் மத்த ஒவ்வொருத்தரோட மோத விட்டாங்க, லீக் மேட்ச் மாதிரி. ஆளு பேரு கிடையாது, நம்பர் மட்டும்தான். அதுல 33ஆம் நம்பர் ஆளு ஒரு ஆட்டம்கூட தோக்கல. 19ஆம் நம்பர் ஆளோட ஒப்பிட்டா 33 மேல கொசுவுக்கு நூறு மடங்குக்கும் மேல ஈர்ப்பு, ரெண்டாவது இடத்துல இருந்தவங்கள விடவே நாலு மடங்கு. நூறு மடங்குன்னு படிச்சப்போ எனக்கு அந்த பாய்தான் ஞாபகம் வந்துச்சு, அவ கால்ல இருபத்தஞ்சு, எனக்கு ஒண்ணு, அது ஒண்ணும் மிகைப்படுத்தல் இல்லையே.

அப்புறம் இன்னும் 56 பேர சேர்த்தும் பாத்தாங்க. கொசுவுக்கு ரொம்ப பிடிச்சவங்களோட தோல்ல என்ன அதிகமா இருக்குன்னு ரசாயன சோதனை பண்ணினப்போ கார்பாக்ஸிலிக் அமிலங்கள்தான் மாட்டுச்சு. தோல் காய்ஞ்சு வெடிக்காம இருக்கிறதுக்காக உடம்பு தானா சுரக்கிற எண்ணெய்ப்பசை ஒண்ணு இருக்கு, சீபம்னு பேரு, அதுல இருக்கிறதுதான் இந்த அமிலம், தோல்ல வாழுற பாக்டீரியா அத மாத்தி மாத்தி நம்ம ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒரு வாசத்த உண்டாக்குது. ஒருத்தருக்கு அது ஜாஸ்தி, இன்னொருத்தருக்கு கம்மி, அவ்வளவுதான். இதுல முக்கியமா நான் பாக்கிறது, அந்த ஆளுங்கள மூணு வருஷம் வரைக்கும் திரும்பத்திரும்ப சோதிச்சாங்க, இடையில அவங்க சாப்பாடு மாறியிருக்கும், சோப்பு மாறியிருக்கும், ஆனாலும் 33, 33ஆவேதான் இருந்தாங்க, 19, 19ஆவேதான். கொசுவோட மோப்பத்துக்கு வேண்டிய ஜீன சேதப்படுத்தி விட்டுப் பாத்தும்கூட, மனுஷ வாசத்துல நாட்டம் கொறைஞ்ச கொசுகூட 33ஐயும் 19ஐயும் வித்தியாசம் கண்டுபிடிச்சிருச்சு. ஒரு கதவ அடைச்சா இன்னொரு கதவு வழியா வந்துடும், அப்படி ஒரு மூக்கு அதுக்கு.

பாக்டீரியான்னு சொன்னேன்ல, அதுலயும் ஒரு சுவாரசியம் இருக்கு. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 48 ஆம்பளைங்களோட தோல்ல இருக்கிற பாக்டீரியாவ எடுத்து பாத்தாங்க, 2011ல. மலேரியா கொசுவுக்கு ரொம்ப பிடிச்சவங்க தோல்ல பாக்டீரியா எண்ணிக்கை அதிகம், ஆனா வகை கம்மி. பல வகை கலந்து இருந்தவங்கள கொசு அவ்வளவா சீண்டல. அதுக்கு முன்னாடியே பார்ட் நோல்ஸ்ன்னு அதே நாட்டுக்காரர், கொசு ஏன் காலையே தேடி கடிக்குதுன்னு பாத்து, லிம்பர்கர்னு ஒரு நாத்தம் புடிச்ச சீஸ் வாசத்துக்கும் அந்த கொசு வருதுன்னு காட்டினாரு, ஏன்னா அந்த சீஸ செய்யிற பாக்டீரியாவும் கால் விரல் இடுக்குல இருக்கிற பாக்டீரியாவும் நெருங்கின சொந்தம். நாள் முழுக்க ஷூ போட்டுட்டு வந்து கழட்டினவொடனே கணுக்கால்ல கடி வாங்குறவங்களுக்கு இது புரியும்.

இன்னொண்ணு ஜாம்பியாவுல 2023ல வெளிவந்தது. பெரிய வலைக்கொட்டகை ஒண்ணு கட்டி, சுத்தி கூடாரத்துல ஆளுங்கள தூங்க வச்சு, அவங்க வாசத்த குழாய் வழியா கொட்டகைக்குள்ள கொண்டுவந்து கொசு எந்த வாசத்துக்கு வந்து உக்காருதுன்னு ராத்திரி முழுக்க கேமராவுல பாத்தாங்க. அங்க மலேரியா பரப்புற அனாஃபிலிஸ் கொசு, நம்ம ஊரு ஏடிஸ் இல்ல, ஆனாலும் அதே கார்பாக்ஸிலிக் அமிலக் கதைதான் வந்துச்சு. ஆறு பேர்ல ஒருத்தர் மட்டும் கொசுவுக்கு பிடிக்காம போனாரு, அவர் வாசத்துல அந்த அமிலம் கம்மி, யூகலிப்டால்னு செடிகள்ல இருக்கிற ஒரு பொருள் அதிகம், செடிவகை சாப்பாட்டுனால இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் நெனைக்கிறாங்க. ஒரே ஒரு ஆள வச்சு சாப்பாட்டு ஆலோசனை யாருக்கும் சொல்லிட முடியாது, அதனால யாரும் இதப் படிச்சிட்டு நீலகிரி இலைய சமைக்கப் போயிடாதீங்க.

சரி, ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேருக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? லண்டன்ல ஜேம்ஸ் லோகன் குழு 2015ல ரெட்டப்புள்ளைங்கள வச்சு பாத்தாங்க, 18 ஜோடி ஒரே கருமுட்டையில பொறந்த ரெட்டை, 19 ஜோடி ரெண்டு கருமுட்டையில பொறந்த ரெட்டை. கைய ஒரு ஒய் வடிவ குழாயோட முனையில வச்சா கொசு எந்த கைக்கு வருதுன்னு எண்ணுற சோதனை. அச்சு அசலா இருக்கிற ரெட்டைங்களுக்கு கொசு காட்டின ஆர்வமும் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருந்துச்சு, மத்த ரெட்டைங்களுக்குள்ள வித்தியாசம் அதிகமா இருந்துச்சு. ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல 60 சதவீதத்துக்கும் மேல பரம்பரையால வருதுன்னு கணக்கு போட்டாங்க, அதாவது உயரம் மாதிரி ஒரு சமாச்சாரம். அண்ணன் தங்கச்சின்னா பாதி ஜீன்தான் பொது, அப்பா உயரம் எனக்கு வந்து அம்மா உயரம் அவளுக்கு வந்த மாதிரி, தோல் வாசத்துல அவளுக்கு யாரோட சீட்டு விழுந்துச்சோ. எங்க அப்பாவோட தங்கச்சி, அத்தை, தஞ்சாவூர் பக்கம் இருக்கிறவங்க, வேப்பிலை புகை போடாம திண்ணையில உக்காரவே மாட்டாங்கன்னு அப்பா சொல்லுவாரு.

இப்ப ரத்தம் விஷயத்துக்கு வர்றேன். இனிப்பு ரத்தம்ங்கிறதுல ஒண்ணும் இல்ல. கொசுவுக்கு ரத்தத்துல வேண்டியது புரதம், சக்கரைக்கு அது செடிகிட்ட போகும், அதுவும் போக ஊசிய குத்துறதுக்கு முன்னாடி ரத்தத்த ருசி பாக்க வழியும் இல்ல. ஓ குரூப் கதை மட்டும் முழுக்க கட்டுக்கதைன்னு தள்ளிட முடியாது. ஜப்பான்ல 2004ல 64 பேர வச்சு பாத்தாங்க, கொசுவோட ஊசிய நீக்கிட்டு எந்த கையில வந்து உக்காருதுன்னு மட்டும் எண்ணினாங்க. ஓ குரூப்காரங்க மேல ஏ குரூப்காரங்கள விட தெளிவா அதிகமா உக்காந்துச்சு. ஆனா மத்த குரூப்போட ஒப்பிட்டா அவ்வளவு தெளிவான வித்தியாசம் வரல, அது ஏடிஸ் அல்போபிக்டஸ்னு இன்னொரு வகை கொசு, மத்தவங்க பண்ணின சோதனைகள்ல முடிவு முன்னப்பின்ன வந்திருக்கு. என் கணக்குல, குரூப்ப வச்சு ஒருத்தர கொசு கடிக்கும் கடிக்காதுன்னு சொல்றது ஜாதகம் பாக்கிற மாதிரிதான். எங்க வீட்டுல பாருங்க, நானும் ஓ, அவளும் ஓ. மாமாகிட்ட இத சொன்னப்போ அவர் பேச்ச மாத்திட்டாரு.

பூண்டு தின்னா வராது, பி வைட்டமின் மாத்திரை போட்டா வராதுன்னு சொல்றதும் சோதனையில நிக்கல. தங்கச்சி ரெண்டையும் மாசக்கணக்குல முயற்சி பண்ணினவ, பாவம்.

நாளுக்கு நாள் மாறுற விஷயங்களும் இருக்கு. கர்ப்பமா இருக்கிறவங்கள கொசு கூடுதலா தேடும், காம்பியா நாட்டுல 2000ல பண்ணின ஆய்வுல கர்ப்பிணிங்கள தேடி வந்த கொசு மத்த பொம்பளைங்கள விட ரெண்டு மடங்கு இருந்துச்சு, கர்ப்பத்தோட பிற்பகுதியில மூச்சு 21 சதவீதம் அதிகமா வெளியாகுது, வயிறு 0.7 டிகிரி கூடுதல் சூடா இருக்கு, ரெண்டும்தான் காரணம்னு சொன்னாங்க. தங்கச்சி மூத்தவன சுமந்தப்போ வீட்டுல ஜன்னலத் திறக்கவே விடல, அப்போ நாங்க பிடிவாதம்னு நெனச்சோம். பியர் குடிச்சவங்க மேல மலேரியா கொசுவுக்கு ஈர்ப்பு கூடுதுன்னு புர்கினா ஃபாசோவுல 2010ல காட்டியிருக்காங்க, சோளத்துல காய்ச்சுற அவங்க ஊரு பியர் அது, ஆனா அதுக்கு மூச்சும் காரணமா தெரியல, உடம்பு சூடும் காரணமா தெரியல. ஓடிட்டு வந்து வேர்த்து நின்னா வேர்வையில இருக்கிற லாக்டிக் அமிலமும் வேகமா விடுற மூச்சும் சேர்ந்து இழுக்கும், சாயங்காலம் பார்க் கனெக்டர்ல ஓடி முடிச்சு ஸ்ட்ரெட்ச் பண்றதுக்கு நிக்கிற அந்த அஞ்சு நிமிஷம்தான் மோசம்.

நிறத்தப்பத்தி வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல 2022ல பாத்தாங்க. கார்பன் டை ஆக்ஸைடு வாசம் பட்ட ஏடிஸ் சிவப்பு, ஆரஞ்சு, கருப்பு இதுங்கள தேடி போச்சு, வெள்ளை, பச்சை, நீலம், ஊதா இதையெல்லாம் கண்டுக்கல. நம்ம தோல் கருப்போ மாநிறமோ வெளுப்போ எதுவா இருந்தாலும் கொசு கண்ணுக்கு அது சிவப்பு ஆரஞ்சு பக்கம்தான் தெரியுது, அதனால கருப்புத்தோல்காரங்கள அதிகம் கடிக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, உடுத்துற துணிதான் இங்க பேச்சு. சோப்புல இன்னும் குழப்பம், வர்ஜீனியாவுல 2023ல நாலு பேருக்கு நாலு சோப்பு குடுத்து பாத்ததுல ஒரே சோப்பு ஒருத்தருக்கு கொசுவ கூட்டிச்சு, இன்னொருத்தருக்கு கொறைச்சுச்சு, தேங்கா வாசம் போட்ட ஒண்ணு மட்டும் ஈர்ப்ப கொறைக்கிற பக்கமா இருந்துச்சு.

தட்டி விரட்டுறதுக்கும் பலன் இருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்கு ஆச்சரியம். ஒரு வாசத்தோட, நாம தட்டுற மாதிரி ஒரு அதிர்வும் சேர்ந்து வந்தா ஏடிஸ் அத ஞாபகம் வச்சிக்கிட்டு ஒரு நாளுக்கு மேல அந்த வாசத்த தவிர்க்குதுன்னு 2018ல காட்டினாங்க. தெக்கோங்ல ராணுவப் பயிற்சியில இருக்கிற எங்க பெரியம்மா பேரன், "அசையாம படுத்திருக்கிறப்போதான் மாமா கடிச்சு எடுக்குது"ன்னு சொன்னான், அவனுக்கு கைய வீச அனுமதி இல்லையே.

இப்ப அம்மா கதை. 2020ல, எல்லாரும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்த அந்த வருஷம், சிங்கப்பூர்ல டெங்கி 35,000 பேருக்கு மேல வந்துச்சு, அதுக்கு முன்னாடி 2013ல வந்ததுதான் பெருசு, 22,000 சொச்சம், அதயும் தாண்டிருச்சு. எங்க புளோக் கீழ சிவப்பு பேனர் கட்டிட்டாங்க, அந்தப் பக்கத்துல டெங்கி பத்து பேருக்கோ அதுக்கு மேலயோ வந்திருக்குன்னு அர்த்தம். நாங்க எல்லாரும் பயந்தது தங்கச்சிக்காக. அவளுக்கு போன் போட்டு மருந்து தடவினியா தடவினியான்னு கேட்டுக்கிட்டே இருந்தோம். அம்மாகிட்ட யாரும் கேக்கல. அம்மாவே, "என்னைய எந்த கொசு கடிச்சிருக்கு"ன்னு கையில மருந்து தொடல. டெங்கி வந்தது அம்மாவுக்கு. மொதல்ல காய்ச்சல், கண்ணுக்கு பின்னாடி வலி, நாலாம் நாள் ரத்தத்தட்டு எண்ணிக்கை இறங்கி ஆஸ்பத்திரியில சேர்த்தோம், அந்த நேரத்துல வார்டுல கூட இருக்கவும் முடியாது. ஆறு நாள். வந்துட்டாங்க, நல்லா இருக்காங்க.

நாங்க எங்க தப்பு பண்ணினோம்னு அப்புறம்தான் புரிஞ்சது. தடிப்பு வேற, கடி வேற. கொசு குத்துறப்போ ரத்தம் உறையாம இருக்கிறதுக்காக தன்னோட எச்சிலையும் உள்ள விடுது, அந்த எச்சில்ல இருக்கிற புரதத்த நம்ம உடம்பு எதிரியா பாத்து ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்த கொட்டுது, அதுதான் தடிப்பும் அரிப்பும். அதாவது நாம பாக்கிற அடையாளம் கொசு போட்டது இல்ல, நம்ம உடம்பு போட்டது. ஒருத்தருக்கு உடம்பு பெருசா சண்டை போடும், கை வீங்கிடும், சின்னப்புள்ளைங்களுக்கு அப்படித்தான் அதிகம். பல வருஷம் கடி வாங்கி வாங்கி உடம்பு பழகிப்போனவங்களுக்கு ஒரு அடையாளமும் தெரியாம போகும். அம்மா அறுபத்தெட்டு வருஷமா கடி வாங்கினவங்க. அவங்கள கொசு கடிக்கலன்னு நாங்க நெனச்சது முழுக்க அந்த தோல பாத்துத்தான். அதுலயும் ஏடிஸ் சத்தமில்லாம பகல்ல, காலையில விடிஞ்சு கொஞ்ச நேரத்துலயும் பொழுது சாயுறதுக்கு முன்னாடியும், கணுக்கால் பக்கமா வந்து கடிச்சிட்டு போற கொசு, கொஞ்சம் குடிக்கும், கலைச்சா அடுத்த ஆளுகிட்ட போயிடும். அதனாலதான் ஒரே வீட்டுல அடுத்தடுத்து ரெண்டு மூணு பேருக்கு டெங்கி வருது.

இதோட இன்னொரு பக்கமும் இருக்கு. டெங்கி வந்த ஆளோட வாசமே மாறுது. சீனாவுல ஒரு குழு 2022ல கண்டுபிடிச்சது, டெங்கியோ ஸிக்காவோ வந்தா தோல்ல கெட்ட பாக்டீரியாவ கட்டுப்படுத்துற ஒரு புரதம் கொறைஞ்சிடுது, உடனே அசெட்டோஃபீனோன்னு ஒரு வாசத்த உண்டாக்குற பாக்டீரியா பெருகிடுது, அந்த வாசத்துக்கு கொசு ஓடி வருது. வைரஸுக்கு அடுத்த ஆளுகிட்ட போக வண்டி வேணும், அது நம்ம தோல்லயே விளம்பரம் ஒட்டி வண்டிய வரவழைக்குது. எலிங்ககிட்டயும் பாத்தாங்க, டெங்கி நோயாளிங்களோட அக்குள்லேருந்து எடுத்த வாசத்துலயும் பாத்தாங்க. காய்ச்சல்ல படுத்திருக்கிறவங்களுக்கும் கொசு மருந்து தடவி விடணும்னு இங்க தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்றது இதனாலதான் இவ்வளவு முக்கியம், நாங்க அம்மா காய்ச்சலா கிடந்த மூணு நாளும் நெத்தியில தைலம் தடவினோம், கால்ல மருந்து தடவல.

யார கடிக்கும்ங்கிறத மாத்த முடியலன்னா, கடிக்கிற கொசுவ கொறைக்கிறதுதான் வழி, அந்த விஷயத்துல இந்த ஊரு பண்றது பெரிய வேலை. 2016லேருந்து வொல்பாக்கியா பாக்டீரியா ஏத்தின ஆண் கொசுவ வளத்து விடுறாங்க, தெம்பனிஸ், ஈசூன் பக்கமெல்லாம் ஆரம்பத்துலேருந்தே. அது கூடுற பொண்ணு கொசு போடுற முட்டை பொரியாது. தாழ்வாரத்துல கூட்டமா கொசு பறக்குதேன்னு பயப்படுறவங்க, அது கடிக்காத ஆண் கொசுன்னு தெரிஞ்சிக்கிட்டா போதும். தங்கச்சி ஈசூன்லதான் இருக்கா, மொதல்ல "இருக்கிறது போதாதுன்னு இன்னும் விடுறாங்களா"ன்னு கோவப்பட்டா, இப்போ அவ கால்ல வர்ற கணக்கே கொறைஞ்சிருக்குன்னு அவளே சொல்றா. படிக்கட்டு பக்கமா தொங்குற அந்த கருப்பு டப்பாவும் கொசுப்பொறிதான், முட்டை போட வர்ற பொண்ணு கொசு உள்ள பசையில ஒட்டிக்கும், எந்த புளோக்ல கொசு கூடுதுன்னு அத வச்சு பாப்பாங்க, அத யாரும் எடுத்து உள்ள வைக்காதீங்க.

உடம்புக்கு, டீட் இல்லன்னா பிக்காரிடின் இருக்கிற மருந்து, இதுதான் நம்பலாம். டீட் 1946லயே அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது, இத்தனை வருஷமா பாத்துட்டாங்க. சன்ஸ்கிரீன் போடுறதா இருந்தா அத மொதல்ல போட்டுட்டு அதுக்கு மேல இது. சிட்ரோனெல்லா எண்ணெய் வாசம் நல்லா இருக்கும், ஆனா சீக்கிரம் பறந்துடும். காதுக்கு கேக்காத சத்தம் போட்டு விரட்டுதுன்னு விக்கிற கருவிக்கும் போன் ஆப்புக்கும் ஒரு பலனும் இல்ல. மேசை ஃபேன் ஒண்ண கால் பக்கமா திருப்பி வைங்க, கொசு பலமா பறக்கத் தெரியாத ஜீவன், காத்து நம்ம மூச்சையும் வாசத்தையும் கலைச்சு விட்டுடும், இது தங்கச்சி வீட்டுல நல்லாவே வேலை செய்யுது.

இப்போ எங்க வீட்டுல அம்மாவும் தடவுறாங்க, காலையில விளக்கேத்துறதுக்கு முன்னாடி. இன்னொரு பழக்கமும் வந்திருக்கு. போன மாசம் தங்கச்சி வந்து ஹால்ல உக்காந்த பத்தாவது நிமிஷம் கால சொறிஞ்சா. முன்னாடின்னா யாராவது ஏதாவது சொல்லியிருப்போம். அம்மா ஒண்ணும் பேசாம எந்திரிச்சு டார்ச்ச எடுத்துக்கிட்டு வீட்டச் சுத்த ஆரம்பிச்சாங்க, ஏன்னா ஏடிஸ் ரொம்ப தூரம் பறந்து வராது, இங்க இருக்குன்னா பக்கத்துலதான் எங்கயோ பொறந்திருக்கணும். பூ ஜாடி, ஏசி தண்ணி, துணிக்கம்பு சொருகுற குழாய் எல்லாம் பாத்துட்டு கடைசியில தாழ்வாரத்துல கறிவேப்பிலைத் தொட்டிய தூக்கினாங்க. அடியில தட்டு ஓரமா இருபது காசு அளவுக்கு தண்ணி, அதுல நாலஞ்சு புழு நெளிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. தண்ணிய கொட்டினா மட்டும் போதாது, முட்டை தட்டோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு காய்ஞ்சே மாசக்கணக்குல கிடக்கும், மறுபடி தண்ணி பட்டா பொரியும். அதனால அம்மா தட்ட அடுப்படிக்கு கொண்டு போய் பிரஷ் போட்டு தேய்ச்சாங்க, தங்கச்சி கோடாலி தைலத்த கால்ல தடவிக்கிட்டே பக்கத்துல நின்னு, "இன்னொரு தடவ தேய்ங்கம்மா"ன்னா.